உபரி பக்தி

கிரிவலத்தை முடித்துவிட்டு, வெறுங்கால் கன்றிப்போய், எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் விழிக்கிற மனிதரை மறித்து, "ஐயா, ஒரு இருபத்தேழு கேள்வி இருக்கு, சொல்லிட்டுப் போறீங்களா?" என்று கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! மூர்த்திக்கு அது கிடையாது. ஆனாலும் கேட்டார். கேட்காவிட்டால் வேலை போய்விடும்.

மூர்த்தி, ஊருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்புறம், மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி வைக்காத ஒரு வீடு. அவருடைய கல்லூரி நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது: "அடுத்த இரண்டு கல்வியாண்டுகள் முடிவதற்குள் முனைவர் பட்டம் பெறாத ஆசிரியப் பெருமக்கள், தங்கள் ஒளிமயமான எதிர்காலத்தை வேறிடத்தில் அமைத்துக்கொள்ள நிர்வாகம் மனமார வாழ்த்துகிறது." அதைப் படித்த அன்று மூர்த்தி மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஏற்கெனவே பல வருஷமாகப் பகுதிநேர ஆராய்ச்சி என்ற பெயரில் இழுத்துக்கொண்டிருந்த ஒன்றை இனி முடித்தே ஆகவேண்டும். தலைப்பு, 'கிரிவலப் பக்தர்களின் மறுவருகை: திருவண்ணாமலையைச் சிறப்பு நோக்காகக் கொண்ட ஓர் ஆய்வு'. இந்த மலையை வேறு எந்த ஊரில் போய்ச் சுற்றுவார்கள், இதில் சிறப்பு நோக்கு எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. சிறப்பு நோக்கு இல்லாத தலைப்பைப் பல்கலைக்கழகம் பதிவு செய்யாது.

வேலை என்னமோ சுலபம்தான். ஒரு பௌர்ணமியன்று பக்தர்களைப் பிடித்து வயது, ஊர், தூரம், கால்வலி, கழிப்பறை வசதி பற்றிய அபிப்பிராயம் எல்லாம் கேட்டுப் போன் நம்பரை வாங்கிக்கொள்ள வேண்டியது. ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டு, "மறுபடியும் வந்தீங்களா?" என்று விசாரிக்க வேண்டியது. வந்திருந்தால் 1, வராவிட்டால் 0. இதில் குழப்பம் வர என்ன இருக்கிறது என்று நினைத்தார் மூர்த்தி. நம் ஜனங்களைத் தெரியாமல் நினைத்துவிட்டார்.

"வந்தேன் சார். ஆனா பாதி வழியில, அடி அண்ணாமலை தாண்டினதும் ஆட்டோ புடிச்சிட்டேன்" என்றார் ஒருவர்.

"ஒடம்புதான் சார் வரல. மனசால சுத்திட்டேன்" என்றார் ஓர் அம்மாள்.

ஆரணிக்காரர் ஒருவர், "சாமி இன்னும் கூப்பிடல" என்றார். "அப்போ இல்லைன்னு போட்டுக்கட்டுங்களா?" என்று மூர்த்தி கேட்டதுதான் தாமதம், "இல்லைன்னு போட நீ யாருய்யா? அவர் கூப்பிடலன்னு போடு!" என்று போனை வைத்துவிட்டார்.

இவர்களையெல்லாம் மூர்த்தி எப்படிப் பதிந்தார் என்று கேட்கிறீர்களா? சாப்பாட்டுக்கு முன்னால் அவர் போனில் பிடித்தவர்களுக்கு 0. சாப்பிட்டு மனசு கொஞ்சம் இளகிய பிறகு பிடித்தவர்களுக்கு 1. ஆராய்ச்சி முறையியல் என்ற அத்தியாயத்தில் இதை மட்டும் அவர் எழுதவில்லை.

தரவு சேர்ந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடிக்கு ஓடினார். அங்கே ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், புள்ளியியல் ஆய்வு மூன்றும் ஒரே அறையில் நடக்கும். மாவட்டத்தின் முனைவர்களில் பாதிப் பேர் அந்த மாடிப்படி ஏறி இறங்கியவர்கள்தான். கீர்த்தனா என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூர்த்தி பென்டிரைவை நீட்டி, வயது, தூரம் என்ற தன் மாறிகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். கைடு யாரு?"

"ராஜமாணிக்கம் சார்."

"அப்போ நேர்கோடு" என்று ஒரு பட்டனைத் தட்டினாள். "அருணாதேவி மேடம்னா லாஜிஸ்டிக் போடுவோம். சகாதேவன் சாருக்கு எது போட்டாலும் சரி, கலர் நல்லா தூக்கலா இருக்கணும்."

"இல்லம்மா, எந்தத் தரவுக்கு எந்த ரிக்ரெஷன்னு பார்க்க வேணாமா?"

கீர்த்தனா அவரைப் பாவமாகப் பார்த்தாள். "சார், நீங்க டிகிரி வாங்கணுமா, கணக்கு கத்துக்கணுமா? ரெண்டுக்கும் தனித்தனி ரேட்டு."

அவள் சொன்னதில் மூர்த்திக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தனை வருஷ ஆராய்ச்சியில், ரிக்ரெஷன் என்றால் வயது, தூரம் போன்ற சங்கதிகளை வைத்து ஒரு முடிவை முன்கூட்டிக் கணிக்கிற கணக்கு என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. வகுப்பில் அதைப் பற்றி மாணவன் கேட்டால், "நல்ல கேள்வி, நூலகத்துல பாருங்க" என்று சொல்லிவிட்டு வருகைப்பதிவை எடுத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்து, கீர்த்தனா கொடுத்த சூத்திரத்தைச் சும்மா சோதித்துப் பார்த்தார். முதலில் தன்னையே போட்டார். உள்ளூர்க்காரர், நடுவயது, கால்வலி கம்மி. விடை 1.34. அதாவது அவர் மறுபடி கிரிவலம் வர நூற்று முப்பத்துநான்கு சதவீத வாய்ப்பு. அட, நமக்குள் இவ்வளவு பக்தியா என்று ஒரு நிமிஷம் புல்லரித்தது. அடுத்து, ஓசூரில் கம்பெனியில் வேலை பார்க்கும் மைத்துனன் முருகையனைப் போட்டார். மைனஸ் பதினெட்டு சதவீதம்.

மனைவி வள்ளி எட்டிப் பார்த்தாள். மின்வாரிய அலுவலகத்தில் வேலை செய்பவள். "என்னங்க இது? என் தம்பி மேல இருக்கிற கடுப்பை இப்படியா காட்டுவீங்க?"

"நான் போடலடி. கணக்கு போட்டுது."

"வர்றதுக்கு மைனஸ்னா, அவன் எப்படிங்க வருவான்? பின்பக்கமா நடந்தா? எங்க ஆபீஸ்ல மைனஸ் ரீடிங் வந்தா மீட்டரைத்தான் மாத்துவோம்."

சொல்லிவைத்த மாதிரி அந்தப் பௌர்ணமிக்கே முருகையன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். முழுசாகச் சுற்றிவிட்டு வந்து, மூன்று தோசைக்கு மேல் கணக்கே இல்லாமல் சாப்பிட்டான். மைனஸ் பதினெட்டு சதவீதம் தோசை மாவைக் காலி செய்வதை மூர்த்தி கண்ணாலேயே பார்த்தார். இதற்கு மேல் சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

மறுநாள் கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தார். அதை இதற்கு முன் எடுத்தவர் யாரும் இல்லை. அதில் ஒரே ஒரு பக்கத்தில் எல்லாம் இருந்தது. கணிக்க வேண்டிய முடிவு கிலோ, உயரம் மாதிரி அளவாக இருந்தால் நேர்கோடு. எத்தனை தடவை என்கிற எண்ணிக்கையாக இருந்தால் பாய்சான் என்று ஒரு கணக்கு. சுமார், நன்று, மிக நன்று என்று படிப்படியாக இருந்தால் அதற்கென்று ஒன்று. ஆமா, இல்லை என்று இரண்டே பதிலாக இருந்தால் லாஜிஸ்டிக். அது கொடுக்கிற வாய்ப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகாது, நூறு சதவீதத்தைத் தாண்டவும் தாண்டாது. பாலைப் படியில் அளக்கிறோம், கத்தரிக்காயைத் தராசில் போடுகிறோம், அவ்வளவுதான் விஷயம். இதையா இத்தனை வருஷம் படிக்காமல் இருந்தோம் என்று மூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கைடு வீட்டுக்குப் போனார்.

பேராசிரியர் ராஜமாணிக்கம் ஒரு காலத்தில் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைச்சலை மழையளவோடு பொருத்தி, அழகான நேர்கோடு போட்டு டாக்டர் ஆனவர். அந்தக் கணக்கு சரியான கணக்கு. அதற்குப் பிறகு கூட்டுறவு வங்கி, மகளிர் சுயஉதவிக்குழு, மனநிறைவு, விவாகரத்து என்று எது வந்தாலும் அவர் அதே மல்லாட்டைக் கோட்டையே போட்டுக்கொண்டிருக்கிறார்.

1.34ஐப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மூர்த்தி! இது தப்பு இல்லப்பா. இது கண்டுபிடிப்பு."

"சார்?"

"ஒண்ணுங்கறது முழு பக்தி. சரியா? உனக்கு ஒண்ணுக்கு மேல இருக்கு. அந்த மேல இருக்கறது என்ன? உபரி! உபரி பக்தி. பொருளாதாரத்துல உபரி மதிப்பு இருக்கலாம், பக்தியில இருக்கக் கூடாதா?"

"மைனஸ் வருதுங்களே சார்?"

"பக்திப் பற்றாக்குறை. பட்ஜெட்ல பற்றாக்குறை வந்தா பட்ஜெட் தப்புன்னா சொல்றோம்? அரசாங்கம் உபரி பக்தி இருக்கற இடத்துலேருந்து பற்றாக்குறை இருக்கற இடத்துக்குத் திருப்பி விடணும்னு பரிந்துரை எழுது. பரிந்துரை இல்லாத ஆய்வு ஆய்வே இல்ல."

"புத்தகத்துல லாஜிஸ்டிக்னு..."

"புத்தகம் எழுதினவன் கிரிவலம் வந்திருக்கானா?" என்றார் ராஜமாணிக்கம். "நான் இத்தனை பேரை டாக்டர் ஆக்கியிருக்கேன். ஒருத்தனாவது கோட்டை விட்டு விலகினானா? விலகினவன் இன்னும் டாக்டர் ஆகல."

மூர்த்தி ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீரம் பேச அவருக்கு ஆசைதான். ஆனால் நிர்வாகத்தின் வாழ்த்து ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய், 'உபரி பக்தியும் பற்றாக்குறைப் பக்தியும்: ஒரு புதிய கோட்பாடு' என்று ஒரு அத்தியாயமே எழுதினார். கண்றாவி என்னவென்றால், எழுத எழுத அது நன்றாக வந்தது. வரைபடம்கூட ஒன்று போட்டார்.

அடுத்தது ஆய்வுக்குழுக் கூட்டம். போண்டாவும் காபியும் ஆய்வாளர் செலவு, ஞானம் குழுவினர் செலவு. ராஜமாணிக்கம் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். மேலாண்மைத் துறை அருணாதேவி அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வந்தாங்களா இல்லையாங்கறதுக்கு நேர்கோடு எப்படி சார் போடலாம்? லாஜிஸ்டிக்தான் போடணும்."

மூர்த்திக்கு அந்த அம்மாள் காலில் விழலாம் போலிருந்தது. ஒரு சாமியாவது கண் திறந்ததே!

"அப்படியே வயசையும் ஆமா, இல்லைன்னு மாத்திடுங்க" என்றார் அருணாதேவி.

"வயசையா மேடம்? முடிவு மட்டும் அப்படி இருந்தா போதும்னு... வயசு வயசாவே இருக்கலாம்னு..."

"வயசு ஆயிடுச்சா, ஆகலையா? தூரமா, இல்லையா? படிச்சவரா, இல்லையா? எங்க கைடு மனுஷனோட உயரத்தையே உண்டு, இல்லைன்னு மாத்தினவரு. எல்லாம் ஒழுங்கா ரெண்டு ரெண்டா நின்னாத்தான் அது ஆராய்ச்சி."

சாமி மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. அந்த அம்மாள் சரியான விடையைச் சொன்னதற்கும் தரவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதுவரை போண்டாவில் கவனமாக இருந்த பொருளாதாரத் துறை சகாதேவன் வாயைத் துடைத்தார். "மலையைச் சுத்தறவனை நேர்கோட்டுல நிறுத்தறது என்ன நியாயம்ங்கறேன்? அவன் போற பாதையே வட்டம். வட்டமா ஒண்ணு போடுங்க. பச்சைக் கலர்ல."

ஒருமணி நேரம் சண்டை நடந்தது. ஒருவர் கோட்டை இன்னொருவர் திட்ட, அவர் கைடை இவர் திட்ட, மூர்த்தியின் பக்தர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் சமாதானமாகப் போவதென்று முடிவாயிற்று. உள்ளூர்ப் பக்தர்களுக்கு நேர்கோடு. வெளியூர்ப் பக்தர்களுக்கு லாஜிஸ்டிக். அட்டையில் பச்சை வட்டம்.

"கீழ்பென்னாத்தூர் உள்ளூருங்களா, வெளியூருங்களா சார்?" என்றார் மூர்த்தி ஈனஸ்வரத்தில்.

இதற்கும் ஒரு அரைமணி. அன்றைக்கே வீடு திரும்பினால் உள்ளூர், லாட்ஜ் எடுத்துத் தங்கினால் வெளியூர் என்று தீர்ப்பானது. 'நீண்ட ஆக்கபூர்வமான விவாதத்துக்குப் பின், ஆய்வாளரின் மனமார்ந்த வேண்டுகோளை ஏற்று' என்று கூட்டக்குறிப்பில் எழுதினார்கள். ஆய்வாளர் மனமாரக் கையெழுத்துப் போட்டார். அன்று அவரை யாராவது கழுதை என்று சொல்லி மூட்டை சுமக்கச் சொல்லியிருந்தாலும் எந்தப் பக்கம் போகணும் என்றுதான் கேட்டிருப்பார்.

கடைசியாகப் பொது வாய்மொழித் தேர்வு. தேர்வு என்று பெயரே தவிர அது ஒரு கல்யாணம்தான். வாசலில் வாழ்த்து பேனர், உள்ளே பொன்னாடைகள், வீடியோக்காரர், பின்கட்டில் சமையல். பார்வையாளர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. கேட்க வேண்டிய கேள்விகளை ஆய்வாளரே முதல்நாள் எழுதிச் சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது வழக்கம். மூர்த்தி விடாமல் வழக்கத்தைக் கடைப்பிடித்தார். முருகையன் எழுந்து சீட்டைப் பிரித்து, "இந்த ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன்?" என்று கம்பீரமாகப் படித்தான். அதோடு நிறுத்தினானா? கீழே மூர்த்தி தனக்காகக் குறித்து வைத்திருந்த பதிலையும் சேர்த்துப் படித்து முடித்துவிட்டு உட்கார்ந்தான். சபை கைதட்டியது. மூர்த்தி, "ஐயா சொன்னது சரி" என்றார்.

தெற்கேயிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் அதுவரை பேசவே இல்லை. மெலிந்த மனிதர். ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரே ஒரு கேள்வி. இந்த மாடலை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

இதற்கும் ராஜமாணிக்கம் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்: 'தரவுகளின் தன்மையைக் கருத்தில் கொண்டு'. நாலு வார்த்தை. சொன்னால் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். மூர்த்தி வாயைத் திறந்தார். பின்வரிசையில் அவருடைய மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நூலகத்தில் பார்க்கச் சொல்லித் துரத்திய பையன்கள், பெண்கள். எழில் என்ற பெண் பேனாவைத் திறந்து, சார் சொல்லப்போவதை எழுதிக்கொள்ளக் காத்திருந்தாள். அந்தப் பேனாவைப் பார்த்ததும் மூர்த்திக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நான் தேர்ந்தெடுக்கல சார்" என்றார்.

வீடியோக்காரர் கேமராவை அவர் பக்கம் திருப்பினார்.

"வந்தாரா, வரலையாங்கறதுக்கு நேர்கோடு போடக் கூடாது சார். போட்டா வாய்ப்பு நூறைத் தாண்டும், மைனஸ்ல போகும். உபரி பக்தின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கமிட்டிக்குப் பயந்துகிட்டு நான் எழுதினது. உள்ளூருக்கு ஒரு கணக்கு, வெளியூருக்கு ஒரு கணக்குன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. மனசால சுத்தினேன்னு சொன்னவங்களை எதுல போடறதுன்னே தெரியாம இஷ்டத்துக்குப் போட்டேன். பதில் ஆமா, இல்லைன்னு ரெண்டுதான் சார். நடுவுல ஒண்ணும் கிடையாது. அதுக்கு எல்லாருக்கும் சேர்த்து லாஜிஸ்டிக்தான் போட்டிருக்கணும்."

சொல்லி முடித்ததும் அப்படி ஒரு நிம்மதி! ராஜமாணிக்கத்தின் முகம் கறுத்துவிட்டது. அருணாதேவி வெற்றிச் சிரிப்பு சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். முருகையன் இதுவும் சீட்டில் இருந்ததுதானோ என்று தன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொன்னது அத்தனையும் சரி. படிக்கும்போதே தெரிஞ்சுது. எத்தனையோ வைவாவுக்குப் போயிருக்கேன், இப்படி ஒருத்தர் சொல்லி இப்பதான் கேக்கறேன். ரொம்ப சந்தோஷம்."

மூர்த்தி கைகூப்பினார்.

"இப்ப ஒரு சிக்கல் இருக்கு" என்றார் அவர், அதே கனிவோடு. "நீங்க சொன்னதை நான் எழுதினேன்னா ஏட்டைத் திருப்பி அனுப்பணும். நீங்க முழுசாத் திருத்தி, மறுபடி கமிட்டி, மறுபடி பல்கலைக்கழகம். ஒண்ணரை வருஷம் ஆவும். எழுதலைன்னா இப்பவே நீங்க டாக்டர். உங்க மனசாட்சிக்கு விரோதமா நான் ஒண்ணும் செய்ய விரும்பல. நீங்களே சொல்லுங்க. ஏட்டை இப்படியே ஏத்துக்கலாமா?"

மூர்த்தி மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒன்றரை வருஷம் என்றால் நிர்வாகம் வாழ்த்தி அனுப்பி ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

"சார்... இப்போதைக்கு ஏத்துக்கிட்டு, பின்னாடி ஒரு திருத்தம் மாதிரி... அதாவது, பாதி..."

"நடுவுல ஒண்ணும் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" புறத்தேர்வாளர் பேனாவைத் திறந்தார். "ஆமாவா, இல்லையா?"

மூர்த்தி வள்ளியைப் பார்த்தார். அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பின்வரிசையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஆமா சார்" என்றார்.

முதலில் கைதட்டியவர் ராஜமாணிக்கம்தான். எழுந்து வந்து மூர்த்தியைக் கட்டிக்கொண்டு, "ஆய்வாளருக்கு இருக்க வேண்டிய பணிவு!" என்று சபைக்குச் சொன்னார். பொன்னாடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. வீடியோக்காரர் இன்னொரு தடவை போர்த்தச் சொன்னார். போர்த்தினார்கள். டாக்டர் மூர்த்தி என்று நிர்வாகத்தின் சார்பில் யாரோ மைக்கில் வாழ்த்தினார்கள். இந்த முறை அது நிஜமான வாழ்த்து.

பந்தியில் வள்ளி பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையில் சாம்பார் ஊற்றியதும் சோற்றைப் பிசைந்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"நடுவுல எழுந்து, எல்லாம் தப்புன்னு சொன்னீங்க பாருங்க. உங்களை அப்படி நான் பார்த்ததே இல்லைங்க. அவ்ளோ நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?" என்றார் மூர்த்தி.

"அப்புறம் என்ன, நம்ம வீட்டுக்காரரு வந்துட்டாரு" என்றாள் வள்ளி. "சாப்பிடுங்க, ஆறிடப் போவுது."